மணற்காட்டு வழிநடை

விடுமுறை நெருங்கியதும் எங்கள் நெல்லியடிச் சந்தியிலே வாடகைக்கு அமர்த்திய பஸ் வண்டிகள் வரிசையாக நிற்பதைக் காணலாம். பள்ளிப் பிள்ளைகளும் குடும்பத்தினரும் நுவரெலியாவுக்கும் சிவனொளிபாத மலைக்கும் புறப்படுகின்றனர். மலையேறுவதும் அருவி காண்பதும் நல்லனவே. அவற்றைக் குறை கூறுவது என் நோக்கமன்று. ஆயினும், நடந்து காணத்தக்க கடற்கரைக் காட்டுவழி ஒன்று நம் வீட்டு வாயிலிலிருந்து ஏழெட்டுக் கிலோமீற்றர் தொலைவிலே தொடங்குகிறது என்பதை நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. "யாழ்ப்பாணம் கை விரித்தாற்போலச் சமதரை, இங்கே ஏறுவதற்கு என்ன இருக்கிறது?" என்று கேட்பர். மலை இல்லைத்தான். மணல் மலை இருக்கிறதே!

பருத்தித்துறை முனையில் நின்று பார்த்தால் கரை இரு தன்மையாகப் பிரிவது விளங்கும். மேற்கே வல்வெட்டித்துறையை நோக்கிச் செல்வது கற்கரை. முருகைக்கற் பாறையிலே வான் வெட்டி, அதனூடே வள்ளம் விடும் கரை அது. தென்கிழக்கே திரும்புவது மணற்கரை. கற்கோவளம், வல்லிபுரம், மணற்காடு, நாகர்கோவில், செம்பியன்பற்று, தாளையடி, உடுத்துறை, ஆழியவளை, வெற்றிலைக்கேணி, கட்டைக்காடு எனத் தொடர்ந்து சுண்டிக்குளம் வரையில் ஏறத்தாழ ஐம்பது கிலோமீற்றர் தூரம் மணலே மணல். ஒரு புறம் வங்காள விரிகுடா, மறுபுறம் கடல்நீரேரி. இரு உப்புநீருக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கிறது இந்த மணற்பட்டி. இரு புறமும் உப்பாயிருக்க, நடுவிலே மனிதர் எவ்வாறு தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கின்றனர் என்ற கேள்வி, புவியியல் கற்பிக்கும் எனக்கு நெடுநாளாகவே உண்டு. புத்தகத்தில் விடை இருக்கிறது. பிள்ளைகள் அதைக் காலால் நடந்து படிக்கட்டும் என்று, உயர்தர வகுப்பு மாணவர் பதினொருவருடன் இவ்வழியை நான்கு சனிக்கிழமைகளில் நான்கு கூறாக நடந்தோம். முழுத் தூரத்தையும் ஒரே மூச்சில் நடக்க எண்ணுபவர் தம் கால்களுக்குப் பகைவர்.

புறப்பட நினைப்பவர்க்கு முதலில் சில நடைமுறைச் செய்திகள். தை, மாசி மாதங்களே உகந்தவை. மாரி மழை ஓய்ந்திருக்கும். மணல் ஈரங் காயாமல் காலுக்கு இறுகியிருக்கும். சோளகம் வீசும் மாதங்களிலே போனால், பறக்கும் மணல் கண்ணில் ஊசி போலக் குத்தும். நண்பகலிலோ மணல் வறை ஓடாகக் கொதிக்கும். விடியுமுன் புறப்பட்டுப் பத்து மணிக்குள் பெரும்பகுதியை நடந்து விடவேண்டும். சப்பாத்து உதவாது, அரை மணி நேரத்தில் இரண்டு சப்பாத்திலும் அரைக் கொத்து மணல் சேர்ந்துவிடும். செருப்பைக் கையிலெடுத்துக்கொண்டு அலை வந்து தொட்டுச் சென்ற ஈரக்கரையோடு நடப்பதே சுகம். உணவுக்கு நாங்கள் கொண்டு சென்றவை புழுக்கொடியலும் தேங்காய்ச் சொட்டும். கடையில் வாங்கும் பிஸ்கோத்து வெயிலில் நொறுங்கித் தூளாகிவிட, புழுக்கொடியல் அசையாமல் இருந்து பசி தீர்த்தது.

வழி தொடங்குமிடம் வல்லிபுரம். நெல்லியடியிலிருந்து துன்னாலையைக் கடந்து கிழக்கே செல்லச் செல்ல, செம்மண்ணும் புகையிலைத் தோட்டமும் மறைந்து, தரை வெளுத்துக்கொண்டு வரும். வடலிகளுக்கு மேலே வல்லிபுர ஆழ்வார் கோவிலின் கோபுரம் தோன்றும். பழமை மிக்க இடம் இது. 1936ஆம் ஆண்டில் இங்கே கிடைத்த பொன்னேடு, பிராமி எழுத்தில் பிராகிருத மொழியில் அமைந்தது. பேராசிரியர் பரணவிதான அதனைப் படித்து வெளியிட்டார். நாகதீபத்தை அமைச்சன் ஒருவன் ஆண்ட காலத்தில் எழுந்த விகாரை ஒன்றைப் பற்றி அது கூறுகிறது. அதன் பொருளைக் குறித்து அறிஞரிடையே எழுந்த வாதம் இன்னும் ஓயவில்லை. அதற்குள் நாம் புகவேண்டியதில்லை. இன்று வெறும் மணல் மேடாகத் தோன்றும் இவ்விடம் ஏறத்தாழ ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஆளும் பேருமாக இருந்த ஊர் என்பதுவரை நமக்குப் போதும். ஊர் இருந்தது என்றால் குடிக்க நீர் இருந்தது என்பது பொருள்.

வல்லிபுரத்திலிருந்து கடலுக்கு நடப்பது நம்மவர்க்குப் புதிதன்று. புரட்டாதிப் பௌர்ணமியை ஒட்டி வரும் சமுத்திர தீர்த்தத்தன்று ஆழ்வார் கடலாட எழுந்தருளும்போது, வடமராட்சி முழுவதும் அவர் பின்னே மணலில் நடந்து செல்லும். கைக்குழந்தையைத் தோளில் இட்ட தந்தையரும், கோலூன்றிய கிழவியரும், சருவச் சட்டியில் கச்சான் விற்போரும் ஆகப் பல்லாயிரம் பாதங்கள் பட்டு அன்று மணல் குழையும். இன்னும் பெரிய நடை ஒன்றும் உண்டு. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி முருகன் கோவிலிலிருந்து புறப்படும் கதிர்காமப் பாதயாத்திரையே அது. முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு எனக் கீழ்க்கரையை ஒட்டி நடந்து, உகந்தை முருகன் சந்நிதியிலே கும்பிட்டு, குமண, யால காடுகளினூடே கதிர்காமம் சேர ஏறத்தாழ ஒன்றரை மாதம் செல்லும். 1983இல் மூண்ட கலவரத்தோடும் போரோடும் அறுந்த அந்த நீண்ட நடை, போர் ஓய்ந்தபின் மீண்டும் துளிர்த்திருக்கிறது. மேனாட்டார் முதுகிலே மூட்டை கட்டிக் கொண்டு கடலோரக் காட்டுவழிகளில் வாரக்கணக்காக நடப்பதைப் படத்திற் கண்டு நம் பிள்ளைகள் வியக்கின்றனர். காவி வேட்டியும் தோளில் ஒரு துணிப்பையுமாக அதைவிடக் கடினமான வழியை நம் பாட்டன்மார் நடந்தனர். அவர்கள் வழியில் எங்கே தங்கினார்கள் தெரியுமா? எங்கே நல்ல தண்ணீர் ஊறுமோ அங்கேதான்.

வல்லிபுரத்துக்குத் தெற்கே மணற்காடு. பெயரே படம் பிடித்துக் காட்டுகிறது. இரண்டு மாடிக் கட்டடம் போல் உயர்ந்த மணற்குன்றுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடக்கின்றன. காற்று அடிக்கும் பக்கம் சரிவு மெல்லியதாயும், மறைவுப் பக்கம் செங்குத்தாயும் இருக்கும். காற்றோடு வரும் மணி மெல்லிய சரிவில் தத்தித் தத்தி ஏறி, உச்சியைத் தாண்டியதும் மறுபுறத்தில் விழுந்துவிடுகிறது. இவ்வாறு மணி மணியாக விழுந்து விழுந்து குன்று முழுவதுமே காலப்போக்கில் இடம் பெயர்கிறது. குன்றும் நடக்கும் என்று நான் சொன்னபோது பின்வரிசை மாணவன் ஒருவன் சிரித்தான். பழைய அந்தோனியார் கோவிலின் இடிபாட்டைக் கண்டபின் சிரிப்பு அடங்கியது. கல்லாற் கட்டிய சுவர்கள் இடுப்பளவு, மார்பளவு மணலிலே புதைந்து நிற்கின்றன. மாதா கோவிலென்றும் ஆழ்வார் கோவிலென்றும் மணல் பார்ப்பதில்லை. இடம் விட்டால் ஏறிக்கொள்ளும்.

அதை ஏறவிடாமல் பிடிப்பவை சில எளிய செடிகள். சவுக்கங்காடு மனிதர் நட்டது. ஊசியிலைகளூடே காற்று இரையும்போது மழை வருகிறதோ என்று அண்ணாந்து பார்க்கத் தோன்றும். ஆனால் சவுக்குக்கு முன்னரே, யாரும் நடாமல், அலை வந்து நக்கும் இடத்துக்குச் சற்றுமேலே படர்ந்து கிடப்பது அடம்பன் கொடி. குளம்பு போன்ற பிளந்த இலையும் ஊதாப் பூவும் உடையது. சங்கப் புலவர் நெய்தல் நிலத்துக்கு உரியதாய்ப் பாடிய அடும்பு இதுவே. 'அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு' என்று மேடைகளில் முழங்குவோர் பலர் கொடியைக் கண்டிருக்க மாட்டார்கள். ஒற்றைக் கொடியை ஒரு குழந்தை இழுத்து அறுத்துவிடும். திரண்டு கிடக்கும் பற்றையை நான்கு மாணவர் சேர்ந்து இழுத்தும் அசைக்க முடியவில்லை. கணுவுக்குக் கணு வேர்விட்டு மணலைத் தைத்து வைத்திருந்தது. அதன் பின்னே இராவணன் மீசை என்னும் முட்புல். அதன் உருண்டைக் கதிர் காற்றில் கழன்று மணலிலே உருண்டோடும்போது பிள்ளைகள் அதைத் துரத்திக்கொண்டு ஓடாமலிருக்க எந்த ஆசிரியராலும் தடுக்க முடியாது.

இனி நீரைப் பற்றிச் சொல்லவேண்டும். இதற்காகவே இவ்வளவு தூரமும் நடந்தோம்.

மணற்காட்டில், அலைக்குச் சிறிது தள்ளி, சிரட்டைகளைக் கையிலெடுத்துக்கொண்டு நீர் தோண்டுமாறு மாணவரை ஏவினேன். ஒரு முழம் தோண்டியதும் ஊறிற்று. நாவில் வைத்துத் துப்பினார்கள். அவ்வழியே விறகு கட்டிக்கொண்டு வந்த மூதாட்டி ஒருவர் நின்று பார்த்தார்.

"உதிலை தோண்டாதையுங்கோ தம்பியவை, உது உப்பு. அந்த மேட்டுக்கு இஞ்சாலை வாங்கோ" என்றார்.

குன்றின் உட்புறத் தாழ்விலே அவர் காட்டிய இடத்தில் ஒரு பூவல் இருந்தது. மணலிலே கையால் தோண்டிய சிறு குழி. சுற்றிவரப் பனையோலை மறைப்பு. நீர் பளிங்கு போலத் தெளிந்து நின்றது. ஒருவன் அள்ளிக் குடித்து, "சேர், போத்தல் தண்ணியை விட நல்லாயிருக்கு!" என்றான். கடலின் இரைச்சல் அங்கே கேட்டுக்கொண்டிருந்தது.

"அம்மா, கடல் இவ்வளவு கிட்ட இருக்க இது எப்படி நல்ல தண்ணியாய் நிக்குது?" என்று கேட்டேன்.

"மணல் நிண்டால் தண்ணியும் நிக்கும், மாஸ்டர். மணலை ஏத்திக்கொண்டு போனாங்கள் எண்டால் தண்ணியும் அதோடை போயிடும்" என்று சொல்லிவிட்டு விறகைத் தலைக்கேற்றிக்கொண்டு நடந்தார்.

அவர் சொன்ன இரண்டு வாக்கியத்துக்குள் ஒரு பெரிய இயற்கை விதி இருக்கிறது. கடல்நீர் நன்னீரைவிடக் கனமானது. நாற்பது பங்கு உயரமுள்ள கடல்நீரின் பாரமும், நாற்பத்தொரு பங்கு உயரமுள்ள நன்னீரின் பாரமும் ஏறத்தாழச் சமம். மழைநீர் மணலில் வழிந்தோடாமல் அப்படியே உள்ளிறங்குகிறது. இறங்கியது, கீழேயுள்ள உப்புநீரோடு எளிதிற் கலவாமல், அதன்மேல் மிதக்கிறது. எண்ணெய் நீர்மேல் மிதப்பது போல என்று கொள்ளலாம், உவமை முற்றும் பொருந்தாவிட்டாலும். கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி உயரத்துக்கு நன்னீர் மட்டம் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே நாற்பதடி ஆழத்துக்கு நன்னீர் தாழ்ந்து நிற்கும். நடுவில் தடித்தும் இரு ஓரங்களில் மெலிந்தும் ஒரு பருப்பைப் போன்ற வடிவில் அது அமையும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கைபன் என்ற ஒல்லாந்தரும், 1901இல் ஹெர்ஸ்பேர்க் என்ற ஜேர்மானியரும் தனித்தனியே இதைக் கணக்கிட்டுக் காட்டினர். இருவர் பெயராலும் அவ்விதி வழங்குகிறது.

கணக்கைத் திருப்பிப் பார்க்கவேண்டும். அங்கேதான் அச்சம் இருக்கிறது. மேலே நிற்கும் நீர்மட்டம் ஓரடி இறங்கினால், கீழேயுள்ள உப்பு நாற்பதடி மேலேறத் தொடங்கும். மணற்குன்று மழையைப் பிடித்துச் சேர்த்து வைக்கும் குதிர். குதிரைப் பிரித்து விற்றபின் நெல் எங்கே தங்கும்? மணலை நீர்மட்டம் வரை தோண்டிவிட்டால், மூடுவதற்கு எதுவுமின்றி நீர் வெயிலுக்கு ஆவியாகிறது, மீந்தது உவர்க்கிறது. ஒருமுறை உவர்த்த கிணற்றை மறுபடி இனிக்கச் செய்யப் பல மாரிகள் பெய்யவேண்டும்.

யாழ்ப்பாணத்தை 1658 முதல் 1795 வரை ஆண்ட ஒல்லாந்தரின் சொந்த நாட்டிலே, அம்ஸ்ரடாம் நகரத்துக்கு 1853ஆம் ஆண்டு தொடக்கம் கடலோர மணற்குன்றுகளிலிருந்தே குடிநீர் எடுத்துச் செல்லப்பட்டது. இன்றும் அக்குன்றுகள் நகரின் நீர்த்தேக்கமாகப் போற்றிக் காக்கப்படுகின்றன. குன்று குறையக் குறைய உப்பு ஏறுவதை அவர்களும் பட்டறிந்தார்கள். ஆற்றுநீரைக் கொண்டுவந்து மணலுள் இறக்கி, குறைந்ததை நிரப்பினார்கள். நிரப்புவதற்கு நம்மிடம் ஆறு கிடையாது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. வானத்தையும் மண்ணையும் தவிர நமக்கு வேறு போக்கிடமில்லை.

மணற்காட்டிலிருந்து குடத்தனை, அம்பன் பக்கமாக நடக்கும்போது மூதாட்டியின் பேச்சுக்குச் சான்று தானே கிடைத்தது. பற்றைகளுக்கிடையே உழவு இயந்திரத்தின் சில்லுத் தடங்கள். தடத்தைப் பின்பற்றினால் அரைவாசி வெட்டுண்ட குன்று. வெட்டுமுகத்திலே வேர்கள் அந்தரத்தில் தொங்கின. அடியில் குட்டை போல நீர் தேங்கி, ஓரங்களில் வெள்ளை பூத்திருந்தது. 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டப்படி மணல் அகழ அனுமதிப்பத்திரம் வேண்டும். அனுமதி பெற்று அகழ்வோரும் உளர். அனுமதியின்றி இரவில் அள்ளுவோரைப் பற்றி வடமராட்சியில் யாரைக் கேட்டாலும் கதை சொல்வர்.

அவர்களைத் திட்டிவிட்டுப் போவது எளிது. அன்று என் மாணவன் ஒருவன் கேட்ட கேள்வி அதை எளிதாக விடவில்லை. "எங்கடை வீட்டுச் சுவருக்கும் இந்த மணல்தானே சேர் பறிச்சது?" என்றான். உண்மைதான். போரில் இடிந்த வீடுகளை 2009க்குப் பின் நாம் எல்லோரும் கட்டினோம். ஒவ்வொரு சுவருக்குள்ளும், ஒவ்வொரு பாடசாலைக் கட்டடத்துக்குள்ளும் இந்தக் குன்றுகளின் துண்டு இருக்கிறது. சுண்ணக்கல் நாட்டிலே கட்டட மணலுக்கு வேறெங்கே போவது? வன்னியிலிருந்து வரும் மணலுக்கும், கருங்கல்லை அரைத்துப் பெறும் தூளுக்கும் விலை அதிகம். உழவு இயந்திரம் ஓட்டும் இளைஞனும் பெரும்பாலும் அயலூர்ப் பிள்ளையே. ஓரிரவுக் கூலியால் அவன் வீட்டு அடுப்பு எரிகிறது. ஆனால் அளவு என்று ஒன்று உண்டு. எந்தக் குன்றை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது என்பதைக் கிணற்று நீரை அளந்தவர் சொல்லவேண்டும். லொறி வைத்திருப்பவர் சொல்லக்கூடாது. வழியிலிருந்த ஏழு கிணறுகளிலும் துரவுகளிலும் கயிறு விட்டு நீர்மட்டத்தை அளந்து மாணவர் கொப்பியில் எழுதிக்கொண்டனர். ஆவணி வரட்சியில் அதே இடங்களை மீண்டும் அளப்பதாக ஏற்பாடு.

நாகர்கோவிலில் நாங்கள் அதிகம் பேசவில்லை. நாகதம்பிரான் கோவிலும் அதன் கப்பல் திருவிழாவும் நாடறிந்தவை. அங்கே பள்ளிக்கூடம் ஒன்று உண்டு. 1995 செப்ரெம்பர் 22ஆம் நாள் அப்பள்ளியின்மீது விமானக் குண்டு விழுந்து பிள்ளைகள் பலர் மாண்டனர். அக்காலத்தில் நானும் பள்ளி மாணவன். என்னோடு நடந்து வந்தவர்களோ அதற்குப் பல ஆண்டுகள் பின்னர் பிறந்தவர்கள். அதன்பின் நெடுங்காலம் முகமாலையிலிருந்து நாகர்கோவில் வரை போர்முனைக் கோடு ஓடிற்று. என் இளமையின் பெரும்பகுதியில் இக்கரை நடக்கக்கூடிய கரையாகவே இருக்கவில்லை. ஆதலால் இங்கு நடப்பவர்க்கு ஒரு கண்டிப்பான விதி: ஊரார் நடக்கும் தடத்தைவிட்டு விலகாதீர். கண்ணிவெடி அகற்றப்பட்ட இடமாயினும், பற்றைக்குள் கிடக்கும் இரும்புத் துண்டு எதையும் தொடலாகாது. நாங்கள் போகும் இடமெல்லாம் கரைவலை இழுப்போரிடம் வழி கேட்டே நடந்தோம். "அலைக்கரையோடை போங்கோ சேர், பிள்ளையள் கவனம்" என்று அவர்களும் ஒவ்வொரு வாடியிலும் சொல்லியனுப்பினர்.

செம்பியன்பற்றைக் கடந்தால் தாளையடி. தாழை மண்டிய கரையால் வந்த பெயர் என்று மாணவர் தாமே ஊகித்தனர். மருதங்கேணிப் பிரதேசத்தைச் சேர்ந்த இவ்வூர்க் கரையிலே கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்ற் மாதம் திறந்து வைக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நன்னீர் தரவல்லது. கடலை உறிஞ்சி, மெல்லிய சவ்வுகளினூடே பேரழுத்தத்தில் தள்ளி, உப்பை வேறாக்குகின்றனர். பெரும் பணம், ஓயாத மின்சாரம், இடைவிடாத பராமரிப்பு. குடாநாட்டின் கிணறுகள் உவர்த்தும் மாசடைந்தும் வரும் நாளில் அது வேண்டாம் என்று சொல்ல நான் துணியேன். யாழ்ப்பாண நகரிலே குழாயில் நல்ல நீருக்குக் காத்திருக்கும் வீடுகள் எத்தனையோ. எனினும், மூன்றாம் சனிக்கிழமை அந்த வேலிக்கு வெளியே நின்றபோது, முதற் சனிக்கிழமை ஓலை மறைப்புக்குள் கண்ட பூவல் எங்கள் எல்லோர் நினைவிலும் வந்தது. அங்கே மழையையும் மணலையும் கொண்டு செலவில்லாமல் நடந்த வேலைதான் இங்கே இயந்திரங்களால் நடக்கிறது. ஒரு கரையிலே இரண்டும் இருக்கின்றன. ஒன்றை ஏற்றிக்கொண்டே மற்றதைக் கட்டினோம்.

உடுத்துறையில் ஆழிப்பேரலை நினைவாலயம் இருக்கிறது. 2004 டிசெம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி நாள். மணற்காடு தொடங்கி இக்கரை ஊர்கள் பலவற்றை அலை வாரிச் சென்றது. அங்கே வரிசை வரிசையாக எழுதப்பட்ட பெயர்களை மாணவர் மெல்ல வாசித்துக்கொண்டு சென்றனர். ஒரே வீட்டுப் பெயர்கள் அடுத்தடுத்து வந்த இடங்களில் வாசிப்பு நின்றது. அந்தப் பேரலையை மணற்குன்று முற்றாகத் தடுக்கும் என்று சொல்வது பொய்யாகும். ஆனால் தென்கிழக்கே யாலவில், கடற்காட்சி தெரியவேண்டும் என்று குன்றை அகற்றி எழுப்பிய விடுதியை அலை துடைத்துச் சென்றதையும், அயலில் குன்று முழுமையாக நின்ற இடங்களுக்குப் பின்னால் சேதம் குறைந்திருந்ததையும் ஆராய்ந்தோர் பதிவு செய்திருக்கின்றனர். குன்று இருக்குமிடத்தில் அலை தன் வேகத்தில் ஒரு பகுதியை அங்கே செலவழித்துவிடுகிறது. குன்றிலே வெட்டு ஒன்று விழுந்திருந்தால் அதுவே வாய்க்காலாகி, நீர் முழுவதையும் ஊருக்குள் அழைத்து வருகிறது. குடத்தனைப் பக்கம் கண்ட வெட்டுமுகத்தை அப்போது ஒருவன் நினைவூட்டினான்.

வெற்றிலைக்கேணிக்கு அப்பால் ஊர்கள் அருகிப் போகின்றன. கட்டைக்காட்டைத் தாண்டினால் வலப்புறம் பாலையும் வீரையும் கலந்த குறுங்காடு, இடப்புறம் கடல். தென்படும் மனிதர் வாடிகளில் வலை பொத்துபவரே. நாலாம் நாள் நடையில்தான் காடு என்ற சொல் முழுமையாகப் பொருந்திற்று. மணலில் நரியின் அடித்தடம் கண்டோம். யானை இலத்தி என்று ஒருவன் கூவியது கடைசியில் பழைய மாட்டுச் சாணமாய் முடிந்தது.

சுண்டிக்குளத்திலே ஆனையிறவுக் கடல்நீரேரி கடலை நாடி வருகிறது. 1938ஆம் ஆண்டிலேயே இது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2015இல் தேசியப் பூங்காவாயிற்று. கோடையில் மணல் திட்டு வாயை அடைத்து நிற்கும். மாரியில் வன்னி வெள்ளம் வந்து உடைத்துக்கொண்டு போகும். அவ்வாறு வீணே கடலில் விழும் வெள்ளத்தை மறித்து, ஆனையிறவு நீரேரியை நன்னீராக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியே வடமராட்சி நீரேரிக்குக் கொண்டுவரும் திட்டத்தை 1954இல் பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம் வகுத்தார். யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்று பெயர் பெற்ற அத்திட்டத்தின் சில பகுதிகள் கட்டப்பட்டன. எண்ணியபடி அது முற்றுப்பெறவில்லை. எழுபது ஆண்டுகளுக்கு முன்னரே நமக்கு நீர்க்கவலை இருந்தது என்பதை அந்த வரைபடத்தை மணலில் குச்சியால் கீறிக் காட்டியபோது பிள்ளைகள் விளங்கிக்கொண்டனர்.

நாங்கள் போன வேளை நீர் வற்றிச் சேறு தெரிந்தது. தூரத்தில் வெண்பட்டு விரித்தது போலக் கிடந்ததை உப்பு என்று எண்ணினோம். கிட்டப் போனதும் அது எழுந்து பறந்தது. சிறகின் உட்புறம் செந்நிறம் வீச, நூற்றுக்கணக்கான பூநாரைகள் எங்கள் தலைக்கு மேலாக வளைந்து திரும்பி, மறுகரையில் இறங்கின. மாணவர் சத்தமிடவில்லை. பிறகு ஒருவன் கொப்பியை எடுத்துத் திகதியும் நேரமும் குறித்துக்கொண்டான். மற்றவன் எண்ண முயன்று நானூற்று ஐம்பதோடு கைவிட்டான்.

சுண்டிக்குளத்திலிருந்து முல்லைத்தீவு நோக்கிக் கரை தொடர்கிறது. திரும்பி வருவோர், பொழுது சாயுமுன் கட்டைக்காட்டுக்கு வந்து சேர்ந்து, அங்கிருந்து வாகனம் பார்ப்பது நல்லது. குடிநீர் இரண்டு போத்தல் கூடக் கொண்டு போங்கள். பூவலிலே குடித்தால், மறைப்பு ஓலையைக் கழற்றிய இடத்திலேயே திரும்ப வையுங்கள்.